ஜோடிப் பறவைகள் நம்மிடம் பழக

தனியாக வளரும் பட்ஜி கிளிக்கு நம் துணை வேண்டும். ஜோடிக்கு அது இல்லாமலே வாழ்க்கை நடந்துவிடும். அதனால் பழகச் சற்றுக் கூடுதல் காலம் பிடிக்கும். பொறுமையாக இருந்தால் இரண்டுமே பழகும்.

1. ஜோடியைப் பிரிக்காதீர்கள். தனித்தனிக் கூண்டில் போட்டால் சீக்கிரம் பழகும் என்று சிலர் சொல்வார்கள். கேட்க வேண்டாம். ஒன்றின் தலையை மற்றது கோதிவிடும்; தின்ற இரையைக் கக்கி அலகோடு அலகு வைத்து ஊட்டும். பிரித்தால் நாளெல்லாம் கத்தும், இரை எடுக்காமல் வாடும். பிரித்த கையைக் கண்டாலே மிரளும்.

2. கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி, நம் கண் உயரத்தில் இருக்கட்டும். சமையலறை ஆகாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகையும் கூடாது.

3. முதல் சில நாட்கள் தண்ணீர், தீனி மாற்ற மட்டும் கையை உள்ளே விடுங்கள். மற்ற நேரம் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசுங்கள். பேப்பரை வாய்விட்டுப் படித்தாலும் போதும்.

4. இரண்டில் ஒன்று பெரும்பாலும் துணிச்சலாக இருக்கும். அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், தினைக்கதிரைக் காட்டி! கம்பிக்கு வெளியே இருந்து கதிரின் நுனியை உள்ளே நீட்டி, அசையாமல் இருங்கள். எங்கள் வீட்டில் பெட்டைதான் முதலில் வந்தது. ஒரு மணியைக் கொத்திவிட்டுப் பின்வாங்கும், திரும்ப வரும். ஆண் மேல்கம்பில் இருந்தபடியே கழுத்தை நீட்டி அவள் அலகையும் என் விரலையும் மாறி மாறிப் பார்க்கும். அதைக் கூப்பிடவோ, அதன் பக்கம் கதிரைத் திருப்பவோ வேண்டாம். துணை பயமில்லாமல் தின்பதைப் பார்த்துப் பார்த்துத் தானே இறங்கி வரும்.

5. இறகை ஒடுக்கி, உடல் மெலிந்து விறைப்பாக நின்றால் பயம். கையை எடுத்துவிடுங்கள். அலகை மெல்ல அரைத்துக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருக்கிறது.

6. கை மேலிருந்து வரக்கூடாது. பருந்து வருவதும் அப்படித்தான். கீழிருந்து மெல்ல உயர்த்தி, காலுக்குச் சற்று மேலே வயிற்றில் விரல் பட வைத்தால் ஏறிக்கொள்ளும்.

7. வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். திரும்ப அடைக்கத் துண்டோடு துரத்தினால் பல நாள் பழக்கம் ஒரே நாளில் போய்விடும். கூண்டுக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே தீனி போடுங்கள். ஒன்று போனால் அதன் குரல் கேட்டு மற்றதும் போகும்.

8. பழக்கும் காலத்தில் கூண்டில் முட்டையிடும் பானை வேண்டாம். பானையைக் கண்டால் பெட்டை முட்டையிடத் தயாராகி, காவல் காத்துக் கடிக்கும். எது பெட்டை என்று அறிய அலகைப் பாருங்கள்: வளர்ந்த பட்ஜியில் அலகுக்கு மேல் மூக்குப் பகுதி பெரும்பாலும் ஆணுக்கு நீலம், பெட்டைக்குப் பழுப்பு.

9. ஒன்று உடலை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் சோர்ந்து உட்கார்ந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பறவை நோயை மறைக்கும். நமக்குத் தெரியும்போது முற்றியிருக்கும். போகும்போது துணையையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அதையும் மருத்துவர் பார்த்துவிடுவார். நோய்ப்பட்டதற்கும் வழியில் தைரியமாக இருக்கும்.