பிழையும் பாடமும்

ஒரு நிலையத்தின் அறிவு எங்கே தங்கியிருக்கிறது? அது மூத்த ஊழியர் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்குமாயின், அவர் ஓய்வு பெறும் நாளில் அவருடனேயே வெளியேறிவிடும். தனி மனிதரின் அனுபவத்தைப் பொதுச் சொத்தாக்குவதே தொழிலிடக் கல்வியின் நோக்கமாகும். இதற்குப் பெங்களூர் நல்லதோர் உதாரணம் அளிக்கிறது.

நகரின் பீனியா தொழிற்பேட்டையில், சாதாரணத் தொழிற்கொட்டகைகள் சிலவற்றில், இந்தியாவின் முதற் செயற்கைக் கோளாகிய ஆரியபட்டா உருவாயிற்று. டாக்டர் யு. ஆர். ராவ் தலைமையில் உழைத்த இளம் பொறியியலாளருள் பெரும்பாலோர் முன்னர்ச் செயற்கைக் கோள் எதனையும் அமைத்தவரல்லர். அவர்கள் செய்தே கற்றனர். முதலில் மாதிரிகளை அமைத்துச் சோதித்தனர். குறைகளைத் திருத்திய பின்னரே விண்ணிற் செல்ல வேண்டிய கலத்தை அமைத்தனர். 360 கிலோகிராம் எடையுள்ள அக்கோள் 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டின் மூலம் ஏவப்பட்டது. சில நாட்களில் மின்வழங்கற் கோளாற்றினால் விஞ்ஞானப் பரிசோதனைகள் நின்றன. ஆயினும் கற்ற திறன் அழியவில்லை. 1979 ஜூன் 7 அன்று பாஸ்கரா விண்ணேறிற்று.

அண்மைக் காலத்திலும் இதே முறை பயன் தந்தது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 கலத்தின் இறங்கி நிலவில் மோதிச் சிதைந்தது. எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட மிகுந்து பிழைகள் திரண்டதும், இறங்குவதற்கென வகுத்த இடம் 500 மீட்டர் சதுரமாகக் குறுகியிருந்ததும் ஆய்விற் புலப்பட்டன. அடுத்த கலத்தின் கால்கள் வலுவாக்கப்பட்டன, எரிபொருள் கூட்டப்பட்டது, இறங்குமிடம் 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கி, பெங்களூர்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் கண்காணிப்பில், நிலவின் தென்துருவத்தின் அருகே பத்திரமாக இறங்கியது.

இவற்றினின்று பெறப்படுவன மூன்று. முதலாவது, நிகழ்ந்ததை உடனுக்குடன் எழுதி வைத்தல். இரண்டாவது, எழுதியதைப் பலர் கூடி ஆராய்தல். மூன்றாவது, ஆய்வின் முடிவை அடுத்த வேலையிற் புகுத்துதல். பிழை செய்தவரைத் தண்டிப்பதே வழக்கமாகுமிடத்துப் பிழைகள் குறைவதில்லை, மறைக்கப்படுகின்றன. மறைக்கப்பட்ட பிழை எவருக்கும் பாடமாகாது.

வயலிற் பணிபுரியும் ஊழியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இம்முறை எளிதே. முளைக்காது போன விதையையும், மாணவர் மீண்டும் மீண்டும் தவறவிடும் கணக்கையும் ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதலாம். மாதம் ஒருமுறை சக ஊழியருடன் அமர்ந்து அதனைப் படிக்கலாம். மாற்றலாகிச் செல்லும்போது, அப்பணிக்கு வருபவரிடம் அதனை ஒப்படைத்தல் வேண்டும். புதியவர் முன்னவர் செய்த பிழையிலிருந்தன்றி, அவர் கற்ற பாடத்திலிருந்து தம் பணியைத் தொடங்குவார்.