நள்ளிரவில் திறந்த உலகம்

கேள்வி: பலர் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் கேம் எப்போது தொடங்கியது? செல்போன் வந்த பிறகுதான் என்று என் மகன் சாதிக்கிறான். (வாசகர், தேனி)

பதில்: செல்போன் நம் கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்காக உருவான பிளேட்டோ என்ற கணினி அமைப்பில், 1973 வாக்கிலேயே மாணவர்கள் விண்வெளிச் சண்டை ஆடினார்கள். அந்த ஆட்டத்தின் பெயர் எம்பயர். ஒரு பெரிய கணினி, அதனோடு தொலைவிலிருந்து இணைந்த, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் திரைகள். ஆடியவர்கள் வெவ்வேறு ஊர்களில்கூட இருந்தார்கள்.

ஆனால் இன்றைய ஆட்டங்களின் பூர்வீக வீட்டைக் காட்டச் சொன்னால், இங்கிலாந்தில் கோல்செஸ்டருக்குப் பக்கத்திலிருக்கும் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தைத்தான் காட்டுவேன். 1978-ல் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் அங்கே 'மட்' என்ற ஆட்டத்தை எழுதத் தொடங்கினார். மல்டி யூசர் டஞ்சன் என்பதன் சுருக்கம் அது. அவர் படிப்பை முடித்துக் கிளம்பியபோது, கூட உழைத்த ரிச்சர்ட் பார்ட்டில் பொறுப்பேற்று அதை வளர்த்தார்.

படம் கிடையாது, சத்தம் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றித் திரையில் நாலு வரி வரும். வடக்கே போகச் சொல்லி ஆங்கிலத்தில் தட்டினால், அடுத்த இடத்தைப் பற்றி நாலு வரி. புதையலைத் தேடியெடுத்துச் சதுப்பு நிலத்தில் போட்டால் புள்ளி ஏறும். புள்ளி சேர்ந்து உச்சிக்குப் போனால் மந்திரவாதிப் பட்டம். சண்டையில் செத்தாலோ, மாதக்கணக்கில் வளர்த்த ஆள் அடியோடு அழிந்துபோவான். இதற்கு நடுவில் திடீரென்று ஒரு வரி வந்து விழும், இன்னார் உள்ளே வந்திருக்கிறார் என்று. அந்த இன்னார் எங்கோ ஒரு விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர். அவர் பேசுவார், உதவுவார், முதுகில் குத்தவும் செய்வார்.

பகல் முழுக்க அந்தக் கணினி பல்கலைக்கழக வேலைக்கு வேண்டும். அதனால் போன் வழியாக இணையும் வெளியாட்களுக்கு நள்ளிரவு தாண்டித்தான் அனுமதி. போன் கட்டணமும் கட்டி, தூக்கமும் கெட்டு வந்தார்கள். வெறும் எழுத்துக்காக இப்படிக் கண்விழித்தார்களே என்று படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நினைப்பே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அங்கே ஆடியவர்களில் ஒருவர் ஆலன் காக்ஸ். பிற்காலத்தில் லினக்ஸ் இயங்குதளத்தால் புகழ்பெற்ற அதே காக்ஸ்தான். 1987-ல் வேல்ஸின் அபரிஸ்ட்வித்தில் உருவான 'அபர்மட்' அவர் கைவண்ணம். 1991-ல் கோபன்ஹேகன் மாணவர்கள் 'டிக்குமட்' எழுதினார்கள். 1999-ல் வந்த எவர்குவெஸ்டை ஆடிப் பார்த்தால், டிக்குமட்டுக்குப் படம் வரைந்து கொடுத்ததுபோலவே இருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது 2004-ல். அதுவும் இந்த வம்சம்தான்.

கேள்வி: கேமில் நம் உருவத்துக்கு ஏன் 'அவதார்' என்று பெயர்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நம் அவதாரம்தான் அது. 1980-களின் நடுவில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் கொமடோர் 64 கணினிக்காக 'ஹேபிடாட்' என்ற உலகத்தை உருவாக்கியபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சிப் மார்னிங்ஸ்டார் இந்தச் சொல்லைக் கையாண்டார். வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள், போன் கம்பி வழியாக அந்த உலகத்துக்குள் ஓர் உருவெடுத்து இறங்குகிறார் அல்லவா? அவதாரம் என்ற சொல்லுக்கு இறங்கி வருதல் என்றே பொருள். இதைவிடப் பொருத்தமாக வேறு சொல் கிடைத்திருக்காது.

கேள்வி: சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சுட்டுவிடுகிறார்கள். ஹேக் செய்கிறார்களா அங்கிள்? (பள்ளி மாணவர், வேலூர்)

பதில்: பெரும்பாலும் இல்லை தம்பி. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1996-ல் வந்த குவேக் ஆட்டத்தில், நீ ஒரு விசையை அழுத்தினால் அந்தச் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் உன் ஆள் நகர்வான். மோடம் காலத்தில் அந்தத் தாமதம் கால் நொடியைக்கூடத் தொடும். பனிக்கட்டி மேல் நடப்பதுபோலத் திண்டாடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் குவேக்கை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் 'குவேக்வேர்ல்ட்' வெளியிட்டார். அதில், சர்வரின் பதிலுக்குக் காத்திராமல், உன் கணினியே ஊகித்து உன் ஆளை நகர்த்திவிடும். ஊகம் தப்பினால் சர்வர் பின்னர் திருத்தும்.

மிச்சமிருந்தது சுடுகிற பிரச்சினை. நீ சென்னையில் இருக்கிறாய், சர்வர் சிங்கப்பூரில் என்று வைத்துக்கொள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கி.மீ. ஓடும். போய்வர எப்படியும் சுமார் 29 மில்லிநொடி ஆகும், எந்தப் பொறியாளராலும் அதைக் குறைக்க முடியாது. அதற்குள் எதிரி நகர்ந்துவிடுவானே! அதனால் சுட்ட செய்தி வந்ததும் பல ஆட்டங்களில் சர்வர் காலத்தைக் கொஞ்சம் பின்னோக்கி நகர்த்தி, சுட்டவன் திரையில் நீ அப்போது எங்கே தெரிந்தாய் என்று பார்க்கிறது. உன் திரையில் நீ சுவருக்குப் பின்னால் போய்விட்டாய். அவன் திரையில் இன்னும் வெளியேதான் நிற்கிறாய். சர்வர் அவன் கண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்கிறது.