பிரித்துக் கட்டிய வீடு

ஒரு வீடு எப்போது கட்டியது என்று கேட்டால் ஒரு வருடத்தைச் சொல்வோம். முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் உள்ள பழைய வீடுகளுக்கு இரண்டு வருடம் சொல்ல வேண்டும். முதலில் கட்டியது ஒன்று, பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியது இன்னொன்று.

இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து கேரளத்தில் பல்லாண்டு வாழ்ந்த லாரி பேக்கர் வடிவமைத்த இடம் அது. 1996-இல் திறந்தார்கள். கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியில் 1850-இல் கட்டிய மர வீடு அங்கே நிற்கிறது. செட்டிநாட்டு வீடும் உண்டு.

மர வீட்டைப் பெயர்ப்பது எப்படி? ஒரு மரத்தில் துளை, அடுத்ததில் கழுந்து. முதலில் அளந்து வரைந்து, துண்டுக்குத் துண்டு நம்பர் போட்டுவிட்டால் கழற்றி மாட்டலாம்.

செங்கல் சுவரில் விஷயமே சுண்ணாம்புக் காரைதான். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெதுவாக இறுகும். ஆனாலும் செங்கல்லை விட மெத்தென்றுதான் இருக்கும். தட்டினால் காரை உதிரும், கல் முழுசாக வரும். கெட்டியான சிமெண்ட் கலவையில் கட்டிய சுவரைப் பிரித்தால் கல்தான் உடையும். அப்படிப்பட்ட சுவரை இப்படிப் பெயர்த்து வைப்பது கஷ்டம்!

என்னோடு வந்த அப்பா கொத்தனார். சிமெண்ட் வேலைதான் தெரியும். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தா இப்படித்தான் அரைப்பாரு. செக்குல மாடு கட்டி, கடுக்காத் தண்ணியும் வெல்லமும் ஊத்தி..." என்றார். இது எனக்குப் பாடத்தில் வரவில்லை.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் தாத்தா கட்டிய எங்கள் ஓட்டு வீட்டை வரும் தை மாதம் இடிக்கிறோம். மழைக்கு ஒழுகுகிறது, மாடி வீடு வருவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இடிப்பதற்கு முன் வரைந்து வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பா டேப் பிடித்தார், நான் வரைந்தேன்.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். அறைகளுக்கு நடுவில் உள்ள சுவருக்கு 9 அங்குலம் போதும். எங்கள் நடுச்சுவர் வெளிச்சுவர் மாதிரியே 14 அங்குலம்! பூச்சைச் சுரண்டினால் உள்ளே ஒரு மரச் சட்டம். அப்பாவுக்கே காரணம் தெரியவில்லை. ஆயாதான் சொன்னாங்க: "அது ஜன்னலுடி. மொதல்ல ஒரே ரூம்புதான். உங்கப்பன் பொறந்தப்புறம் பின்னாடி ஒண்ணு எடுத்தோம், அதை அடைச்சிட்டாரு."

படத்தில் அந்த ஜன்னலைப் புள்ளிக்கோடாகப் போட்டிருக்கிறேன். கீழே "வரைந்தவர்" என்று என் பெயர். "அளந்தவர்" என்ற இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.