மொறிஸ் மைனரின் சங்கிலி மூடி

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் இன்றும் ஓடுகின்றன. அவை நின்று சென்ற இடத்தை நிலத்திற் கிடக்கும் கரிய எண்ணெய்த் துளிகளே காட்டிக் கொடுக்கும். "பழைய வண்டி; ஒயில் சிந்தத்தான் செய்யும்" என்று உடையோர் அமைதி அடைவர். அவ்வமைதி தகாது. எஞ்சினின் முன்புறத்திற் சிந்தும் எண்ணெய் பெரும்பாலும் ஒரு சிறு தகட்டு மூடியின் வழியாகவே வருகின்றது. அதனைத் திருத்துதலும் கூடும். தமிழ் கற்பிப்போர்க்கு எஞ்சினில் என்ன அலுவல் என வினவுவோர், தமிழிற் சொல்ல இயலாத தொழிலும் உண்டோ என்னும் எமது வினாவுக்கு முதற்கண் விடை பகர்வாராக.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1952 முதல் அதிற் பூட்டப்பெற்றது ஒஸ்ரின் நிறுவனத்தார் ஆக்கிய 'ஏ' வகை எஞ்சின். 1956இல் அது 948 கன சென்ரிமீற்றராகவும், 1962இல் 1098 ஆகவும் பெருத்தது. நாம் ஈண்டுக் கூறுவன இவ்வெஞ்சினுக்கே உரியன.

பிஸ்ரன்களாற் சுழலும் கிராங்குத் தண்டு இருமுறை சுழல, வால்வுகளைத் திறக்கும் காம் தண்டு ஒருமுறை சுழலல் வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது எஞ்சினின் முகப்பில் உள்ள சங்கிலி. அதனை மூடி நிற்பதே நாம் கூற வந்த தகடு. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்னும் வண்டியிற் சங்கிலிக்குப் பதிலாகப் பற்களுள்ள றப்பர் வார் வந்தது. பின்னர் பியற் முதலியோரும் அதனைக் கைக்கொண்டனர். வாருக்கும் மூடி உண்டு. ஆயின் இரண்டின் தொழிலும் நேர்மாறு. வார் எண்ணெய் படாது ஓடவேண்டியது. கல்லும் நீரும் எண்ணெயும் உட்புகாது காப்பதே அதன் மூடியின் கடன். சங்கிலியோ எண்ணெயில் நனைந்து ஓடுவது. உள்ளிருக்கும் எண்ணெய் வெளியேறாது தடுப்பதே இதன் மூடியின் கடன். முன்னையதை உறை என்றும் பின்னையதை மூடி என்றும் வழங்கினால் மாணாக்கர் மயங்கார். வாரின் உறை உடைந்தும் சிலகாலம் வண்டி ஓடும். சங்கிலியின் மூடி பழுதானால் எண்ணெய் குறையும். குறைவதை உடையவர் நோக்காவிடின் தண்டின் பெயரிங்குகள் தேய்ந்து எஞ்சினே அழியும்.

மூடியின் நடுவே ஒரு துளை. அதனூடாகப் புலியின் கழுத்து உட்சென்று கிராங்குத் தண்டிற் பொருந்தும். சுழலும் கழுத்துக்கும் சுழலாத தகட்டுக்கும் இடையே முற்பட்ட எஞ்சின்களில் அழுத்திய கம்பளி வளையம் ஒன்றே தடையாக இருந்தது. அது காலப்போக்கில் இறுகித் தேயும். பிற்பட்ட எஞ்சின்களில், சுருள்வில் தாங்கிய உதடுடைய றப்பர் ஒயில் சீல் வந்தது. ஆகவே பழைய மூடியை நீக்கிப் பிந்திய மூடியைப் பூட்டுவதே சிறந்த திருத்தம். பழமை குலையலாகாது என்று கம்பளியையே பேணுவாரும் உளர். அவர் கருத்து எமக்கு உடன்பாடன்று. வெளித்தோற்றத்தில் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. கழற்றிய பழைய உறுப்புக்களை மட்டும் எறிந்துவிடாது கட்டி வைத்தல் நன்று.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. பலர் தவறுவது இவ்விடத்திலேதான். மூடிக்குப் பின்னே, தண்டின்மீது, எண்ணெயை வீசியெறியும் வட்டத்தகடு ஒன்று இருக்கும். பழைய மூடிக்குப் பழைய தகடு, புதிய மூடிக்குப் புதிய தகடு. மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றல் வேண்டும். பழைய தகட்டின் குழிந்த பக்கம் எஞ்சினுக்குப் புறத்தே நோக்கும். புதியதில் 'எஃப்' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த பக்கம் புறத்தே நோக்கும். எமக்குத் தெரிந்த வண்டி ஒன்று, ஒரு கராஜில் இத்தகடு திருப்பிப் பூட்டப்பெற்றமையால், புதுச் சீல் இட்ட பின்னரும் முன்னிலும் மிகுதியாகச் சிந்தியது. குற்றம் சீலின்மேற் சுமத்தப்பட்டு, மூன்று சீல்கள் வீணாயின.

வேலை தொடங்குமுன் முதற் பிஸ்ரனை உச்சிக்குக் கொணர்ந்து புலியின் விளிம்பிலுள்ள வெட்டை நோக்குக. மூடியின் அடியில் உள்ள முட்களுள் நீண்டது உச்சியையும், ஏனையவை அதற்கு முந்திய 5, 10 பாகைகளையும் குறிக்கும். வேறு வண்டிக்குரிய மூடியை வாங்கினால் இம்முட்கள் இல்லாதிருத்தலும் கூடும். அவை இன்றேல் பொறி பற்றவைக்கும் நேரத்தை ஒழுங்கு செய்தல் அரிதாகும்.

பின்னர் நீரை வடித்து றேடியேற்றரைக் கழற்றி, விசிறி வாரையும் நீக்குக. ஸ்ராற்றிங் கைபிடி பொருந்தும் பெரிய ஆணியே புலியைத் தாங்குவது. அதன் பூட்டுத் தகட்டை நிமிர்த்திய பின்னரே ஆணியைத் திருகவேண்டும். மூடியின் ஆணிகள் இரு பருமன். 7/16, 1/2 அங்குலச் சாவிகள் போதும். சங்கிலி தளர்ந்திராவிடின் அதனைத் தொடவேண்டா. கழற்றினால், இரு பற்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நோக்க மீளப் பூட்டுக. ஒரு பல் தவறினும் வால்வுகள் காலந் தப்பித் திறக்கும்.

மூடியின் விளிம்பு ஆணித்துளைகளைச் சூழ மேடிட்டிருந்தால் மரக்கட்டையில் வைத்து மெல்லத் தட்டிச் சமன் செய்க. புதுக் காஸ்கற் இடுக. பசையை அள்ளிப் பூசுதல் தீது. பிதுங்கிய துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் வீழ்ந்து வடியை அடைக்கும். மூடியின் ஆணிகளை முதலில் இறுக்கலாகாது. புலியின் கழுத்தில் எண்ணெய் தடவிச் சீலினூடாகச் செலுத்தி, மூடி தானே நடுவில் அமைந்தபின் இறுக்குக. இம்முறை தவறினால் உதட்டின் ஒருபக்கம் நெரிந்து மறுபக்கம் விலகும்.

கழுத்திற் பழைய சீல் அறுத்த பள்ளம் உண்டோ என விரலாற் தடவி அறிக. உளதாயின் மெல்லிய உருக்கு வளையம் அணிவிக்க வேண்டும். அன்றேல் வேறு புலி தேடவேண்டும்.

இத்தனையும் செய்தும் சிந்துமாயின் எஞ்சினின் சுவாசக் குழாயை நோக்குக. அது அடைபட்டால் உள்ளே காற்றழுத்தம் மிகுந்து எந்தச் சீலையும் கடந்து எண்ணெயைத் தள்ளும். 1990ஆம் ஆண்டின் பின் தடை நிலவிய காலத்தில் எமது வண்டிகள் சிறிது பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. முற்றும் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்தது. நீர்த்த எண்ணெய் கம்பளி வளையத்தை எளிதிற் கடந்தது. அக்காலத்து எஞ்சின்களைத் திறப்போர் தொட்டியையும் குழாய்களையும் கழுவாது மூடியை மட்டும் மாற்றுதல் அரைவேலையாகும்.

பூட்டிய பின் வண்டியைச் சூடேறும்வரை ஓடவிட்டு, கீழே வெள்ளைத் தாளொன்றை விரித்து ஓரிரவு வைத்துப் பார்க்க. ஐம்பது மைல் ஓடியபின் மூடியின் ஆணிகளை இன்னொருகால் அளவாக இறுக்குக.