ஓடைக்கரையை வெறுமையாக விடாதீர்

உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 921இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. குடவோலை மூலம் ஆறு பேரைத் தேர்ந்து, 360 நாட்களுக்கு ஏரிப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். இன்று பல ஊர்களில் இளைஞர்கள் கூடி, வரத்துக் கால்வாயில் மண்டிய சீமைக் கருவேலத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வெட்டி விடுகிறார்கள். நல்ல காரியமே. திங்கட்கிழமை அக்கரையைப் பார்ப்பவர் யார்?

முள் நீங்கிய கரை வெறும் மண். ஐப்பசி மழையில் அது கரைந்து ஏரியில் வண்டலாகப் படியும். ஏரியில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான்.

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். தோண்டிய குழியை மூடி மிதித்து, மழை தொடங்கியதும் நடவைத் தொடங்கலாம். கரைச்சரிவில், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, அரை அடிக்கு ஒன்றாக வெட்டிவேர்த் தூர்களை நடுக. அதன் வேர் பக்கவாட்டில் ஓடாது, நேர்கீழே இறங்கி மண்ணைப் பிடிக்கும். (வேருக்கு நல்ல விலை உண்டென்று பிடுங்கிவிடாதீர்கள், கரையும் கூடவே வந்துவிடும்.) அதற்கு மேல் நொச்சிப் போத்துகள், ஆடு மாடு கடிக்காது. வெளி ஓரத்தில் பத்தடிக்கு ஒரு பனங்கொட்டை. கால்வாயின் நடுவிலும் மதகருகிலும் எதுவும் நட வேண்டாம். தூர்வார ஒரு பக்கம் வழி விடுக.

புறம்போக்கு நிலமாதலால் ஊராட்சியின் அனுமதியை முதலில் பெறுக. ஆறு பேர் பெயரை எழுதி, ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுங்கள். மழை ஓய்வதற்குள் பட்டுப்போன இடங்களில் மறுநடவு செய்வது அவர்கள் பொறுப்பு.