கைநாட்டும் கடனும்

மைசூர் என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? அரண்மனை. தசரா ஊர்வலம். பட்டுச் சேலை. மைசூர்பாகு.

அந்த அரண்மனை இருக்கும் நகரைச் சுற்றிப் பல கிராமங்கள் இருக்கின்றன. அங்கே வயதானவர்களிடம் 'ஜீதம்' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் மாறிவிடும்.

ஜீதம் என்றால் என்ன?

ஒரு கூலிக்காரர் வீட்டில் கல்யாணம். அல்லது ஒரு சாவு. அல்லது பிள்ளைக்குக் காய்ச்சல். கையில் காசு இல்லை. நிலக்காரரிடம் கடன் கேட்கிறார். நிலக்காரர் ஒரு தாளை நீட்டுகிறார். கூலிக்காரருக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்கிறார்.

அன்று முதல் அவர் நிலக்காரரின் ஆள். விடியும் முன் போக வேண்டும். சாணி அள்ள வேண்டும். ஏர் ஓட்ட வேண்டும். இரவில் காவல் காக்க வேண்டும். கூலி என்று கொஞ்சம் கேழ்வரகு கிடைக்கும். செய்த வேலை எல்லாம் வட்டிக்குச் சரியாகிவிடும். அசல் அப்படியே நிற்கும். அவரால் முடியாமல் போனால் மகன் வர வேண்டும். பத்து வயதுப் பையன் மாடு மேய்க்கப் போவான். பள்ளிக்கூடம் போக மாட்டான். நாளை அவனும் கைநாட்டுத்தான்.

இதுதான் ஜீதம். இப்படி வேலை செய்பவரைக் கன்னடத்தில் 'ஜீததாளு' என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் 'பண்ணையாள்' என்றார்கள். சட்டம் 'கொத்தடிமை' என்று சொல்கிறது. பெயர்தான் வேறு. கட்டு ஒன்றுதான். கட்டுப்பட்டவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்களும் பழங்குடி மக்களும்தான்.

இந்தக் கட்டு எப்படி வந்தது?

நம் நாட்டில் மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருந்த காலம் உண்டு. 1799ஆம் ஆண்டு திப்பு சுல்தான் போரில் இறந்தார். அடுத்த ஆண்டு ஆங்கிலக் கம்பெனி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை அனுப்பியது. அவர் மைசூர், கன்னடக் கரை, மலபார் வழியாகப் பயணம் செய்தார். மலபாரில் வயல் வேலை செய்த மக்களை விற்றார்கள். அடமானம் வைத்தார்கள். வாடகைக்கும் விட்டார்கள். இதையெல்லாம் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

1843ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 'இவன் என் அடிமை' என்று யாரும் நீதிமன்றம் போக முடியாது என்றது அந்தச் சட்டம். நல்லதுதான். ஆனால் அடிமையாக இருந்தவருக்கு நிலம் கொடுத்தார்களா? இல்லை. வீடு கொடுத்தார்களா? இல்லை. எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்களா? அதுவும் இல்லை. அடிமை என்ற பெயர் போனது. பசி போகவில்லை. பசித்தவர் கடன் வாங்கினார். கடன் புதிய சங்கிலி ஆனது.

வெள்ளைக்காரர்கள் மைசூருக்குப் பக்கத்தில் குடகு மலையில் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். கங்காணிகளும் மேஸ்திரிகளும் ஊர் ஊராக வந்தார்கள். முன்பணம் கொடுத்தார்கள். 1859ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால் அவரைச் சிறையில் போடலாம் என்றது. தோட்டக்காரர்களுக்கு இது வசதியாக இருந்தது. 1925ஆம் ஆண்டில்தான் இந்தச் சட்டத்தை நீக்கினார்கள்.

இடையில் பெரும் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை அந்தப் பஞ்சம் நீடித்தது. அப்போது மைசூர் சமஸ்தானத்தை ஆங்கில அதிகாரிகள் ஆண்டு வந்தார்கள். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சமஸ்தானத்தின் மக்கள் 50 லட்சத்துக்கு மேல். 1881ஆம் ஆண்டில் சுமார் 42 லட்சம் பேர்தான் இருந்தார்கள். உயிர் பிழைத்தவர்களிலும் பலர் மாட்டை விற்றார்கள். கலப்பையை விற்றார்கள். விற்க ஒன்றும் இல்லாதவர் தம் உழைப்பையே அடகு வைத்தார்.

உலகத்திலும் இதே கதை

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. கடனால் ஒரு நாட்டையே கட்டிப் போட்டது உண்டு. அமெரிக்காவுக்கு அருகில் ஹைட்டி என்ற தீவு நாடு இருக்கிறது. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வந்த அடிமைகள் அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். அவர்கள் போராடி 1804ஆம் ஆண்டு விடுதலை பெற்றார்கள்.

1825ஆம் ஆண்டு பிரான்ஸ் போர்க் கப்பல்களை அனுப்பியது. எங்கள் முதலாளிகளுக்கு நஷ்டம், 15 கோடி பிராங்க் கொடுங்கள் என்றது. பிறகு 9 கோடியாகக் குறைத்தது. அடிமையாக இருந்தவர்களே முதலாளிகளுக்குப் பணம் கொடுத்தார்கள்! அதற்காக வாங்கிய கடன் 1947ஆம் ஆண்டில்தான் தீர்ந்தது. பள்ளிக்கூடம் கட்ட வேண்டிய பணம் வட்டிக்குப் போனது. ஹைட்டி இன்றும் ஏழை நாடாக இருக்கிறது. அதற்கு இந்தக் கடனும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1950ஆம் ஆண்டு நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடை செய்கிறது. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அப்போது கர்நாடகத்தின் முதலமைச்சர் தேவராஜ் அர்ஸ். அவர் மைசூர் மாவட்டம் ஹுன்சூர் வட்டத்தில் பிறந்தவர். அவர் ஆட்சியில் குத்தகைக்கு உழுதவர்கள் பலருக்கு நிலம் சொந்தமானது. ஆனால் ஜீததாளு குத்தகைக்காரர் அல்ல. அவர் கையில் காட்ட ஒரு சீட்டும் இல்லை. அதனால் அவர்களில் பலருக்கு நிலம் வரவில்லை.

1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வோம்:

கொத்தடிமையின் கடன் ரத்து. அதை யாரும் வசூல் செய்ய முடியாது.

கொத்தடிமையாக வைப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை.

இது கொத்தடிமைக் கடன் அல்ல என்றால், கடன் கொடுத்தவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

புகாரை மாவட்ட ஆட்சியரிடம் அல்லது தாசில்தாரிடம் சொல்லலாம். கர்நாடகத்தில் ஆட்சியரை 'ஜில்லாதிகாரி' என்பார்கள். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மறுவாழ்வு உதவி 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் அந்தப் பணம் வரும். வழக்கு இழுத்தால் உதவியும் இழுக்கும். அதற்குள் பசி மீண்டும் கடனுக்குத் தள்ளும். ஆகவே விடுதலையோடு வேலையும் வீடும் உடனே வேண்டும். கேட்டு வாங்க வேண்டும்.

படித்துவிட்டுப் போடுவோம்

கொத்தடிமை முறை இன்றும் வேறு உருவத்தில் வருகிறது. செங்கல் சூளை மேஸ்திரி ஒரு வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு அம்மா மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர்.

"அண்ணே, இருபதாயிரம் இருக்கு. இதில ஒரு கைநாட்டு வைங்க. நாளைக்கே மைசூர் பக்கம் சூளைக்குப் போயிடலாம்."

"கொஞ்சம் இருங்க மேஸ்திரி. அந்தத் தாளைக் குடுங்க. படிச்சுப் பாக்கிறேன்."

"அதுல என்னம்மா இருக்கு? எல்லாரும் வைக்கிறதுதானே?"

"தொகை எழுதற இடம் காலியா இருக்கே? ஆயிரம் கல்லுக்கு என்ன கூலின்னும் எழுதலையே?"

"அதெல்லாம் அங்க போய்ப் பேசிக்கலாம்."

கணவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

"இல்லீங்க மேஸ்திரி. எல்லாத்தையும் எழுதிக் கொண்டாங்க. அவ படிக்கட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறோம்."

அவர்களுக்கும் பணம் தேவைதான். படிப்பு மட்டும் வறுமையைத் தீர்க்காது. நல்ல கூலி வேண்டும். நிலம் வேண்டும். அவசரத்துக்குக் கடன் கொடுக்கச் சங்கம் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆனால் காலியான தாளில் கைநாட்டு வைக்க மாட்டோம் என்று சொல்ல, எழுத்து நமக்குத் துணை நிற்கும். தாத்தா வைத்த கைநாட்டைப் பேரன் சுமந்தான். அது நம்மோடு முடியட்டும்.

பேசிப் பார்ப்போம்

1. 1843ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் மக்கள் ஏன் கட்டுப்பட்டு வாழ்ந்தார்கள்?

2. உங்கள் ஊரில் முன்பணம் வாங்கி வெளியூர் வேலைக்குப் போனவர்கள் உண்டா? திரும்பி வரும்போது கையில் என்ன இருந்தது?

3. அவசரச் செலவுக்கு உங்கள் ஊரில் யாரிடம் கடன் வாங்குகிறீர்கள்? வட்டி எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.