வாசல் பாதைக்கு ஒரு கணக்கு

இளம் அறிவியல் (கணிதம்), இரண்டாம் ஆண்டு

முன்னுரை

கணிதம் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதன்று. வீட்டு வாசலுக்கும் அது வரவேண்டும். தெருவிலிருந்து வீடுவரை வண்டி வந்து நிற்கக் கான்கிரீட் பாதை போட என்ன செலவாகும்? இதை அறியப் பள்ளிக் கணக்கே போதும். அந்தக் கணக்கைப் போடாததால் எங்கள் குடும்பம் ஒருமுறை ஏமாந்தது.

நடந்தது என்ன?

என் அண்ணன் கடன் வாங்கிச் சுமை ஆட்டோ ஒன்று எடுத்தார். மழை பெய்தால் வாசல் சேற்றில் சக்கரம் புதையும். 20 அடி நீளம், 10 அடி அகலத்தில் பாதை போட, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒருவரிடம் பேசி முடித்தோம். கனம் 4 அங்குலம் என்று வாயால் சொன்னார், தாளில் எழுதவில்லை. அடுத்த மழைக்காலத்திற்குள் பாதை பாளம் பாளமாக வெடித்தது. ஒரு துண்டைப் பெயர்த்து அளந்தேன். இரண்டரை அங்குலந்தான் இருந்தது!

கணக்கிடும் முறை

பரப்பு 20 × 10 = 200 சதுர அடி. கனம் 4 அங்குலம், அதாவது அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கான்கிரீட்டின் கனஅளவு ஏறத்தாழ 67 கனஅடி.

உலர்ந்த பொருள்களைக் கலந்து நீர் விட்டால் இடைவெளிகள் நிரம்பி அளவு குறையும். எனவே 1.54 ஆல் பெருக்க வேண்டும். 103 கனஅடி வரும். 1:2:4 கலவையில் மொத்தம் 7 பங்கு.

1. சிமெண்ட் 1 பங்கு: 14.7 கனஅடி. 50 கிலோ மூட்டை ஏறத்தாழ 1.22 கனஅடி. ஆகவே 12 மூட்டை.
2. மணல் அல்லது எம்-சாண்ட் 2 பங்கு: 29.4 கனஅடி.
3. முக்கால் அங்குல ஜல்லி 4 பங்கு: 59 கனஅடி.

இவற்றை உள்ளூர் விலையால் பெருக்கி, கொத்தனார், சித்தாள் கூலியையும் வண்டி வாடகையையும் கூட்டினால் செலவு கிடைக்கும். சேதாரத்திற்குச் சிறிது சேர்த்துக்கொள்க. பழைய பாதையைப் பெயர்ப்பதானால் உடைக்கும் கூலியும், இடிபாட்டை அகற்றும் செலவும் தனி.

இரண்டரை அங்குலத்திற்கு ஏழரை மூட்டையே போதும். நாலரை மூட்டை சிமெண்டும் அதற்குரிய மணலும் ஜல்லியும் எங்கள் வாசலுக்கு வரவே இல்லை! பரப்பைக் கண்ணால் காணலாம். கனத்தைக் காண முடியாது. ஆதலால் விலை பேசுமுன் கனத்தை எழுதி வாங்குங்கள்; போடும் நாளில் மூட்டைகளை எண்ணுங்கள்.

கவனிக்க வேண்டியவை

அடிமண்ணை நீர் தெளித்து இறுக இடிக்க வேண்டும். தெருப்பக்கம் 20 அடிக்கு 4 அங்குலம் வாட்டம் தேவை. 10 அடிக்கு ஓர் இணைப்பு விட்டால், தாறுமாறாக வெடிப்பது குறையும். குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். 28 நாள் கழித்துப் பாரவண்டி ஏற்றுவது நல்லது.

முடிவுரை

சென்ற விடுமுறையில் மீண்டும் பாதை போட்டோம். என் தந்தையாருக்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். என் கணக்குத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, பிரித்த மூட்டைகளைக் காலையிலிருந்து எண்ணினார். பன்னிரண்டாவது மூட்டையோடு வேலை முடிந்தது. "கணக்கு சரியா இருக்குப்பா" என்றார். முதல் பாதையின் கடன் இன்னும் தீரவில்லை. நண்பர்களே, நாம் கற்கும் கணக்கு முதலில் நம் வீட்டாருக்குப் பயன்படட்டும்!